வேர்க்கடலை அலர்ஜிக்கு புரோபயாடிக்: வாங்கி வைத்த டப்பாவைத் திறக்கலாமா?

தேன்மொழி_மெல்பர்ன் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பதினோராவது மாதத்தில் ஒரு நாள் காலை, என் மடியில் உட்கார்ந்துகொண்டு என் தட்டில் இருந்த இட்லியை எடுத்து வாயில் வைத்தான். தட்டில் வேர்க்கடலைச் சட்னி இருந்தது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, வாயைச் சுற்றித் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. காது மடல் இரண்டும் சிவந்து வீங்கின. அப்புறம் வாந்தி. சட்னியின் உறைப்புதான் காரணம் என்று நினைத்து நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். விடாமல் இருமத் தொடங்கியதும் என் கணவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வந்தவர்கள் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். அந்த இருமல் நின்ற நிமிஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அதன்பிறகு வருஷா வருஷம் தோல் சோதனை. முதல் தடவை வேர்க்கடலைக்கு 9 மில்லிமீட்டர் வீக்கம், போன மாதம் 10. பாதாம், முந்திரி, எள் எதற்கும் ஒன்றும் இல்லை. எங்கே போனாலும் பையில் எபிபென் (அட்ரினலின் ஊசிப் பேனா) இருக்கிறது. கிண்டர் (மழலையர் பள்ளி) சுவரில் அவன் போட்டோவோடு ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விருதுநகரில் இருக்கும் என் மாமியார் ஞாயிறுதோறும் வீடியோ காலில், "தினமும் தயிர் சாதம் கொடும்மா, குடல் சரியானா எல்லாம் சரியாயிரும்" என்கிறார். தோழி ஒருத்தி ஒரு பழைய செய்தியை அனுப்பினாள்: மெல்பர்னில் புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா) கொடுத்துப் பார்த்தார்களாம், நூற்றுக்கு எண்பது குழந்தைகள் வேர்க்கடலை சாப்பிடத் தொடங்கிவிட்டார்களாம். எங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது! அன்றைக்கே மருந்துக்கடைக்குப் போய் குழந்தைகளுக்கான புரோபயாடிக் பொடி ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டேன். 14 வகை பாக்டீரியா, 2,500 கோடி உயிர் என்று போட்டிருக்கிறது. ஒன்பது நாளாகச் சமையலறை அலமாரியில் திறக்காமல் இருக்கிறது.

இதைக் கொடுத்தால் உண்மையிலேயே பலன் உண்டா? தயிரில் இருப்பதும் இதுவும் ஒன்றுதானா? கெடுதல் ஏதாவது வருமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவன் பிறந்தது சிசேரியனில். ஆறாவது வாரத்தில் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அதனால் குடல் பாக்டீரியா கெட்டுப்போய்த்தான் இது வந்தது என்று ஓரிடத்தில் படித்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.


கரிசல்காட்டான் எழுதியது:

அம்மா, என் மகளுக்கு பால் அலர்ஜி இருந்தது. எட்டாவது மாதம் தெரிந்தது. ஒரு வருஷம் விடாமல் புரோபயாடிக் கொடுத்தோம். மூன்று வயதில் மருத்துவமனையில் வைத்துப் பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. இப்போது தினமும் பால் குடிக்கிறாள்.

பொடிதான் காரணம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் டாக்டர்தான் உட்கார வைத்து விளக்கினார். பால் அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரத் தானாகவே போய்விடுமாம். என் மகளுக்கு எது காரணம் என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. வேர்க்கடலை அப்படிச் சுலபமாகப் போவதில்லை என்றும் சொன்னார். அதனால் என் அனுபவத்தை வைத்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். தெரிந்தவர்கள் யாராவது விளக்கினால் நானும் படித்துக்கொள்கிறேன்.


வடமராட்சி_அக்கா எழுதியது:

தங்கச்சி, கச்சான் (வேர்க்கடலை) அலர்ஜி பற்றி எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் பொடியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என்ட சின்னவனுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது. வயிற்றோட்டத்துக்கென்று வாங்கின புரோபயாடிக் பொடியை ஒரு கரண்டி கரைத்துக் கொடுத்தேன். கால் மணித்தியாலத்துக்குள் கழுத்தெல்லாம் தடித்துப் போனது. பிறகு டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், கீழே பொடி எழுத்தில் பால் புரதம் சிறிதளவு இருக்கலாம் என்று போட்டிருந்தார்கள். பாக்டீரியாவைப் பாலில் வளர்த்தால் அதன் மிச்சம் பொடியிலும் வரும் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. உங்கட மகனுக்குப் பால் பிரச்சினை இல்லைப் போல, நல்லது. என்றாலும் இதை வாசிக்கிற பால் அலர்ஜிப் பிள்ளைகளின் தாய்மார் லேபிளை வடிவாகப் பாருங்கோ.


நுண்ணுயிர்க்காரி எழுதியது:

தேன்மொழி, உங்கள் பதிவை நேற்று ராத்திரியே படித்தேன். அவசரத்தில் ஏதாவது எழுதிவிடக் கூடாது என்று இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகத்தில் எட்டு வருஷமாக வேலை செய்கிறேன். என் அண்ணன் மகளுக்கும் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. அதனால் எனக்கு இது வேலையும்தான், வீட்டு விஷயமும்தான்.

முதலில் உங்கள் தோழி அனுப்பிய செய்தி. அது பொய் இல்லை. 2015-இல் உங்கள் ஊர் மர்டாக் குழந்தைகள் ஆராய்ச்சி நிறுவனத்தில் மிமி டாங் என்ற மருத்துவரின் குழு வெளியிட்ட ஆய்வு அது. 62 குழந்தைகள் சேர்ந்தார்கள். பாதிப்பேருக்கு லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் என்ற பாக்டீரியாவைத் தினமும் கொடுத்தார்கள். அளவு ரொம்பப் பெரியது. அவ்வளவு பாக்டீரியா தயிரிலிருந்து கிடைக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 20 கிலோ சாப்பிட வேண்டியிருக்கும் என்று அப்போது செய்திகளில் எழுதினார்கள். அதோடு சேர்த்து, இதுதான் முக்கியம், வேர்க்கடலை மாவையும் கொடுத்தார்கள். துளியிலிருந்து தொடங்கி, மருத்துவமனைக் கண்காணிப்பில், மெல்ல மெல்ல ஏற்றி, 18 மாதம். மற்ற பாதிப்பேருக்கு இரண்டுமே போலி, பார்க்க மட்டும் அதே மாதிரி. கடைசியில் எல்லாவற்றையும் சில வாரம் நிறுத்திவிட்டு வேர்க்கடலை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்த குழுவில் 28 பேரில் 23 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. போலி எடுத்த 28 பேரில் ஒரே ஒரு குழந்தைதான் அப்படி.

உலகமே பேசியது. தலைப்புகளில் மட்டும் வேர்க்கடலை மாவு காணாமல் போய், பாக்டீரியா தனியாக நின்றது. உங்கள் தோழிக்கு வந்ததும் அந்தத் தலைப்புதான்.

அந்த ஆய்வில் ஒரு இடைவெளி இருந்தது. வேர்க்கடலை மாவு மட்டும் சாப்பிட்ட குழு என்று ஒன்று அதில் கிடையாது. அப்படியிருக்க, வேலை செய்தது மாவா, பாக்டீரியாவா, இரண்டும் சேர்ந்தா? எப்படிச் சொல்வது? அதே குழுதான் அந்தக் கேள்விக்கும் விடை தேடியது. மெல்பர்ன், அடிலெய்டு, பெர்த் மூன்று ஊர்களில் 201 குழந்தைகளைச் சேர்த்து மூன்று குழுவாகப் பிரித்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. பாக்டீரியாவும் மாவும் எடுத்தவர்களில் 100-க்கு 46 பேருக்கு அலர்ஜி அடங்கியிருந்தது. மாவு மட்டும் எடுத்தவர்களில் 51. போலி எடுத்தவர்களில் 5. அதாவது அலர்ஜியை அடக்குகிற வேலையைச் செய்தது வேர்க்கடலை மாவுதான். பாக்டீரியா சேர்ந்ததால் அந்த எண்ணிக்கை கூடவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சையின்போது வயிற்றுத் தொல்லைகள் சற்றுக் குறைந்தன என்று ஒரு சின்ன ஆதாயம் மட்டும் தெரிந்தது. ஏழு வருஷம் முன்பு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்த தங்கள் எண்ணத்தைத் தாங்களே சோதித்து, அது நிற்கவில்லை என்று தாங்களே எழுதினார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது அப்போதுதான்.

அப்படியென்றால் குடல் பாக்டீரியாவுக்கும் அலர்ஜிக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. நிறையவே இருக்கிறது. நான் தினமும் வேலைக்குப் போவதே அதனால்தான்.

குடலின் உட்சுவர் ஒற்றை வரிசைச் செல்களால் ஆனது. அந்த வரிசைக்குக் கீழேயே நம் நோயெதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு உட்கார்ந்திருக்கிறது. சாப்பிட்டது ஜீரணமாகும்போது அதன் துணுக்குகளைச் சில செல்கள் பொறுக்கி எடுக்கும். கிளை கிளையாக நீட்டிக்கொண்டிருப்பதால் அவற்றுக்கு டென்ட்ரிடிக் செல் என்று பெயர். அவை துணுக்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போய், டி செல் என்ற வேறு வகை நோயெதிர்ப்புச் செல்களிடம் காட்டும். "இது சாப்பாடு, விட்டுவிடு" என்ற பாங்கில் காட்டினால், அடக்கி வைக்கும் டி செல்கள் உருவாகும். "இது வேண்டாதது" என்ற பாங்கில் காட்டினால் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகி, மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த தடவை கடலைப் புரதம் வந்து தொட்டதும் மாஸ்ட் செல்கள் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டும். அன்று உங்கள் மகனின் வாயைச் சுற்றி எழும்பியது அதுதான்.

அந்த அடக்கி வைக்கும் டி செல்களை 1995-இல் அடையாளம் காட்டியவர் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுதான் அவற்றை இயக்குகிறது என்பதற்கு வழி திறந்தவர்கள் மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும். மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆய்வகத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

இங்கேதான் பாக்டீரியா உள்ளே வருகிறது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த எலிகளின் பெருங்குடலில் இந்த அடக்கும் செல்கள் குறைவாக இருக்கும். கென்யா ஹோண்டாவின் குழு, கிளாஸ்டிரிடியா கூட்டத்தைச் சேர்ந்த சில பாக்டீரியாக்களைக் குடியேற்றினால் அந்தச் செல்கள் பெருகுகின்றன என்று 2011-இல் காட்டியது. 2013-இல் மனித மலத்திலிருந்தே அப்படிப்பட்ட 17 ரகங்களைப் பிரித்தெடுத்தார்கள். கிளாஸ்டிரிடியா என்றதும் டெட்டனஸ் கிருமி நினைவுக்கு வரும், அது இதே கூட்டத்தில் ஒரு கெட்ட உறவு. மற்ற பெரும்பான்மை சாது. நாம் சாப்பிடும் நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரேட் என்ற அமிலத்தை வெளியே விடுகின்றன. அந்த அமிலம் டி செல்லுக்குள் நுழைந்து, இறுக்கிச் சுற்றிய டிஎன்ஏவைத் தளர்த்தி, ஃபாக்ஸ்பி3 மரபணு வாசிக்கப்பட வழி செய்கிறது.

பியூட்டிரேட் எனக்கு வெறும் பெயர் இல்லை. வளர்ந்த குழாயின் மூடியைத் திறந்தால் நெடி முகத்தில் அடிக்கும். உருக்க மறந்துபோன வெண்ணெய் நாள்பட்டால் ஒரு வாடை வருமே, அதே வாடை. அதற்குப் பெயரே வெண்ணெயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் வந்தது. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் லேசாக இருக்கும். இந்த பாக்டீரியாக்களுக்கு ஆக்ஸிஜன் ஆகாது. நைட்ரஜன் நிரப்பிய பிளாஸ்டிக் கூடாரம் ஒன்று இருக்கிறது. அதில் பதித்த நீளக் கையுறைக்குள் முழங்கை வரை கையை விட்டுத்தான் அவற்றைத் தொட வேண்டும். ஒரு தடவை தட்டு ஒன்றை வெளியே மேசையில் மறந்து வைத்துவிட்டேன். மூன்று வாரமாக வளர்த்தது, திரும்பி வரும்போது செத்திருந்தது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், உங்கள் அலமாரியில் இருக்கிற டப்பாவில் இவை இருக்க வாய்ப்பில்லை. கடையில் விற்பது பெரும்பாலும் லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் கூட்டம். வளர்ப்பது சுலபம், உலர்த்திப் பொடியாக்கினாலும் தாங்கும். அவை வேண்டாதவை என்று சொல்லவில்லை. ஆனால் உணவு அலர்ஜியிலிருந்து எலிகளைக் காப்பாற்றியது என்று வலுவாகக் காட்டப்பட்டவை வேறு ஆட்கள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேத்ரின் நாக்லரின் குழு இதை அழகாகச் செய்தது. 2014-இல், குட்டியிலேயே ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகளுக்குக் கடலை அலர்ஜி எளிதாக வருவதையும், கிளாஸ்டிரிடியாவைத் திருப்பிக் குடியேற்றினால் அது தடுக்கப்படுவதையும் காட்டினார்கள். காரணத்தையும் தேடிப் பிடித்தார்கள். அந்த பாக்டீரியாக்கள் வந்ததும் குடலின் நோயெதிர்ப்புச் செல்கள் ஐஎல்-22 என்ற சேதிப்பொருளைச் சுரக்கின்றன. சுவர் இறுகுகிறது. கடலைப் புரதம் ரத்தத்துக்குள் கசிவது குறைகிறது. 2019-இல் இன்னும் ஒரு படி போனார்கள். எட்டுக் கைக்குழந்தைகளின் மலத்தைக் கிருமியற்ற எலிகளுக்குக் கொடுத்தார்கள். நான்கு குழந்தைகளுக்குப் பால் அலர்ஜி, நான்கு பேருக்கு எதுவும் இல்லை. அலர்ஜிக் குழந்தைகளின் பாக்டீரியா போன எலிகளுக்குப் பால் புரதம் கொடுத்ததும் உடல் வெப்பம் சரிந்தது. ஆரோக்கியமான குழந்தைகளின் பாக்டீரியா போன எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காப்பாற்றியவர்களில் ஒரு பெயரையும் பிரித்தெடுத்தார்கள்: அனீரோஸ்டைபெஸ் கேக்கே. அதுவும் பியூட்டிரேட் விடுகிற ஆள்தான், அதுவும் கூடாரத்துக்குள் வளர்கிற ஆள்தான்.

இதெல்லாம் எலி. எலியில் நடந்தது பிள்ளைக்கும் நடக்குமா என்பதில் எத்தனை வழுக்கல் உண்டு என்று மெல்பர்ன் கதையே காட்டுகிறது.

கரிசல்காட்டான் அண்ணன் சொன்ன பால் அலர்ஜிக்கு வருகிறேன். அதில் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தரும் மனித ஆய்வு உண்டு. 1980-களில் ஷெர்வுட் கோர்பாக், பேரி கோல்டின் என்ற இரண்டு பேர் ஆரோக்கியமான ஒருவரின் குடலிலிருந்து ஒரு ராம்னோசஸ் ரகத்தைப் பிரித்தார்கள். லாக்டோபேசிலஸின் 'எல்' எழுத்தோடு இருவர் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து எல்ஜிஜி என்கிறோம். நேப்பிள்ஸில் ராபர்ட்டோ பெர்னி கனானியின் குழு, புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்த பால் மாவில் எல்ஜிஜியைக் கலந்து, பால் அலர்ஜி உள்ள 220 குழந்தைகளிடம் மூன்று வருஷம் பார்த்தது. 2017-இல் வந்த முடிவுப்படி, கலக்காத மாவு குடித்தவர்களைவிட இவர்களுக்குப் பால் சீக்கிரம் ஒத்துக்கொண்டது, வேறு அலர்ஜிகளும் குறைவாக வந்தன. ஆனால் அதற்கு முன்பே 2008-இல் நெதர்லாந்தில் இதே மாதிரி மாவில் வேறு இரண்டு ரகங்களைக் கலந்து பார்த்தபோது ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரே குடும்பப் பெயர் இருந்தாலும் ஆள் வேறு. 14 வகை, 2,500 கோடி என்ற எண்ணிக்கை உங்களுக்கு எதுவும் சொல்லாது. எந்த ரகம், எந்த நோய்க்கு, யாரிடம் சோதித்தது என்றுதான் கேட்க வேண்டும். வேர்க்கடலை அலர்ஜியைத் தனியாக நின்று போக்கிய ரகம் இன்றைக்கு ஒன்றும் இல்லை. அந்த அலர்ஜி தானாகப் போவதும் ஐந்தில் ஒரு குழந்தைக்குத்தான்.

தயிர் பற்றி. மாமியாரிடம் சண்டை வேண்டாம். உங்கள் மகனுக்குப் பால் ஒத்துக்கொள்கிறதே, தயிர் சாதம் அவனுக்கு நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். கடலை அலர்ஜியை அது போக்காது என்பது மட்டும் உங்கள் மனதில் இருக்கட்டும். ஆனால் பால் அலர்ஜி உள்ள குழந்தைக்குத் தயிர் கூடவே கூடாது. உறை ஊற்றினாலும் பால் புரதம் அங்கேயேதான் இருக்கும். வடமராட்சி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, பொடிகளில் பால் மிச்சம் இருப்பதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள்.

கெடுதல் வருமா என்று கேட்டீர்கள். ஆரோக்கியமாக ஓடியாடும் நான்கு வயதுக் குழந்தைக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது, சிலருக்கு வயிறு கொஞ்சம் உப்பும். குறைமாதக் குழந்தை, எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்த குழந்தை, இவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. பாக்டீரியா ரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து உண்டு. எனக்கு உங்கள் விஷயத்தில் இருக்கிற பயம் வேறு. மூன்று மாதம் பொடி கொடுத்த பிறகு, "இப்போ கொஞ்சம் சரியாகியிருக்கும்" என்று வீட்டில் யாராவது ஒரு கடலையை வாயில் போட்டுப் பார்த்துவிடுவார்கள். என் அண்ணன் வீட்டில் அப்படித்தான் நடந்தது. பொடி மேல் வைத்த நம்பிக்கையில் என் பெரியம்மா ஒரு துண்டு கடலை மிட்டாய் கொடுத்துவிட்டார். இரண்டு தடவை ஊசி போட வேண்டியதாயிற்று. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேர்க்கடலை மாவு வேலை செய்தது என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் துளித் துளியாகக் கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். ஆய்விலேயே பல குழந்தைகளுக்கு நடுவில் ரியாக்ஷன் வந்தது. மருத்துவர்கள் பக்கத்தில் இருந்ததால் சமாளித்தார்கள். உங்கள் நாட்டில் 2024-இல் குழந்தைகள் மருத்துவமனைகளில் தொடங்கிய வேர்க்கடலை மாவுத் திட்டம் ஒரு வயது முடியாத குழந்தைகளுக்கானது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். ஆனாலும் அடுத்த தடவை அலர்ஜி டாக்டரிடம் "வாய்வழி இம்யூனோதெரபி (அலர்ஜி தரும் உணவையே கண்காணிப்பில் மெல்ல மெல்ல ஏற்றிக் கொடுக்கும் சிகிச்சை) இவனுக்குப் பொருந்துமா?" என்று நேராகக் கேளுங்கள்.

கடைசியாக, உங்களைத் தூங்க விடாத கேள்வி. சிசேரியன். உங்கள் ஊரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. மெல்பர்னில் ஹெல்த்நட்ஸ் என்ற பெரிய ஆய்வில் 5,000-க்கும் மேற்பட்ட ஒரு வயதுக் குழந்தைகளைச் சேர்த்தார்கள். அவர்களில் பிறப்பு விவரம் முழுதாகக் கிடைத்த 2,045 குழந்தைகளை வைத்து 2022-இல் கணக்குப் பார்த்தார்கள். வாய்வழி உணவுச் சோதனை செய்து உறுதிப்படுத்திய அலர்ஜிகளைத்தான் எண்ணினார்கள். சிசேரியனில் பிறந்தவர்களில் 12.7 சதவீதம், சுகப்பிரசவத்தில் பிறந்தவர்களில் 13.2 சதவீதம். வித்தியாசம் இல்லை. ஆன்டிபயாடிக் பற்றி அந்த அளவுக்குத் தெளிவான கணக்கு கிடையாது. ஆனால் ஆறு வாரக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த டாக்டரும் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது. நீங்கள் செய்ய வேண்டியதைத்தான் செய்தீர்கள் தேன்மொழி.


தேன்மொழி_மெல்பர்ன் எழுதியது:

இதை அலுவலக இடைவேளையில் படித்தேன். கடைசிப் பத்தியில் அழுதுவிட்டேன். 12.7, 13.2 இரண்டையும் ஒரு சின்னத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

டப்பாவைத் திறக்கப் போவதில்லை. வடமராட்சி அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு லேபிளைப் பார்த்தேன், இதிலும் பால் பற்றி ஒரு வரி இருக்கிறது. கண்ணில் படவே இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது. எனக்கு ஐந்து மாதத்தில் ஒரு மகளும் இருக்கிறாள். அவளுக்கு வராமல் இருக்க ஏதாவது கொடுக்கலாமா? அப்புறம், இங்கே இந்தியக் கடையில் மரச்செக்குக் கடலை எண்ணெய் விற்கிறார்கள். எண்ணெயில் அலர்ஜி வராது, கடலை எண்ணெயில் புரதமே கிடையாது என்று கடைக்காரர் சொன்னார். சமையலுக்கு வாங்கலாமா?


நுண்ணுயிர்க்காரி எழுதியது:

மகளுக்குப் பொடி வேண்டாம், உணவு அலர்ஜியை அது தடுக்கும் என்று காட்டிய ஆதாரம் இல்லை. 2001-இல் ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் எல்ஜிஜி கொடுத்தபோது கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய்) பாதியாகக் குறைந்தது என்று பெரிய செய்தி வந்தது. பிறகு ஜெர்மனியில் அதே ரகத்தை வைத்துச் செய்தபோது குறையவில்லை. தடுப்பது என்றால் கடலையையே காலத்தில் அறிமுகப்படுத்துவதுதான். லண்டனில் கிடியோன் லாக்கின் குழு, கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளை வைத்து 2015-இல் இதைக் காட்டியது. தோல் சோதனையில் கடலைக்கு ஒன்றும் காட்டாதவர்களில், ஐந்து வயது வரை கடலையைத் தவிர்த்தவர்களுக்கு 13.7 சதவீதம் அலர்ஜி வந்தது, சிறு வயதிலிருந்தே சாப்பிட்டவர்களுக்கு 1.9 சதவீதம். ஆனால் உங்கள் வீட்டில் அண்ணனுக்கு அலர்ஜி இருக்கிறது. மகளுக்கு எப்போது, எங்கே வைத்து, எந்த அளவில் தொடங்குவது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு, அவன் கிண்டரில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கொடுங்கள். முழுக் கடலை வேண்டாம், புரையேறும். மசித்த விழுதைக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம். பிறகு அவள் கை, வாய், நாற்காலி எல்லாம் சோப்புப் போட்டுத் துடைத்துவிடுங்கள். வெறும் தண்ணீர் போதாது.

எண்ணெய் வாங்காதீர்கள். கடைக்காரர் சொன்னது நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெய்க்குத்தான் பொருந்தும், அதில் புரதம் ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடும். செக்கில் ஆட்டியதில் நீங்காது. கலங்கலாக, கடலை மணத்தோடு இருக்கிறதே, அந்தக் கலங்கலில் புரதமும் உண்டு. எள்ளுக்குச் சோதனையில் ஒன்றும் இல்லை என்றீர்களே. இதுவரை நல்லெண்ணெய் ஊற்றித்தானே இட்லிப் பொடி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அதையே தொடருங்கள். பொடியில் மட்டும் வேர்க்கடலை சேர்க்காமல் வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள்.